பதினேழாவது வார்டின் வெளிநடப்பு

கட்சிக்குச் சண்டை கசந்துபோன செய்தியை மோகன்குமார் கோயமுத்தூரில் வைத்துத்தான் தெரிந்துகொண்டார். மேற்கு மண்டல அலுவலகத்தின் மாடி ஹாலில், எல்லாருக்கும் கேசரியும் காபியும் கொடுத்து, கதவைச் சாத்திய பிறகு சொன்னார்கள். வடக்கு எல்லையில் போர் தொடங்கிய நாளிலிருந்து 'அடி, இன்னும் அடி' என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்சி, இனிமேல் ஆரம்பம் முதலே சமாதானத்தை வலியுறுத்தி வந்த கட்சியாம். வந்திருந்தவர்கள் எல்லாரும் நகராட்சித் தலைவர்கள், ஒன்றியத் தலைவர்கள். அனுபவசாலிகள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

மண்டலச் செயலாளர் வெங்கடபதி பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பவுண்டரி வைத்திருப்பவர். அதிர்ந்து பேச மாட்டார்.

"யாரும் பயப்பட வேண்டியதில்லீங்க. நாம சண்டையை எதிர்க்கவும் இல்லே, ஆதரிக்கவும் இல்லே. பேச்சுவார்த்தைன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல? அதைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "ஏனுங்கண்ணா, நான் ஊர்ல அத்தனை பேர்த்துகிட்டயும் ரத்தத்துல கையெழுத்து வாங்கி டெல்லிக்கு அனுப்பிச்சுப்போட்டேனுங்களே. அதை என்னுங்க பண்றது?"

"அதை ஆரு கேக்கப்போறாங்க? உக்காருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மோகன்குமாரும் சிரித்தார். சட்டமன்றத் தேர்தலுக்கு அதிக நாள் இல்லை. திருப்பூருக்கு வர வேண்டிய ஜவுளி ஆர்டர்கள் நின்றன, டீசல் விலை ஏறியது, சவப்பெட்டிகள் வந்தன. கட்சியும் இதே வரிசையில்தான் வருத்தப்பட்டது.

ஒவ்வொரு நகராட்சியும் போரை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்தச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்பது உத்தரவு. கூட்டம் கலைந்த பிறகு வெங்கடபதி மோகன்குமாரை மட்டும் தோளில் கை போட்டு ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

"ராஜா, உங்க ஊருதான் மொதமொதல்ல சண்டைக்கு ஆதரவாத் தீர்மானம் போட்டது. டிவியிலெல்லாம் வந்துச்சு. இப்ப நீங்களே மாத்திப் போட்டா சிரிப்பாங்க. அன்னிக்கு ஒரு அம்மா வெளிநடப்பு பண்ணுச்சல்ல, துலுக்க வூட்டு அம்மா? அந்த அம்மாவையே புதுத் தீர்மானத்தைக் கொண்டாரச் சொல்லுங்க. மத்தவங்கெல்லாம் ஆதரிச்சுப் பெரிய மனசு காட்டுன மாதிரி இருக்கும். உங்க எம்.எல்.ஏ. சீட்டுக்கும் நல்லது."

"சரிங்கண்ணா" என்றார் மோகன்குமார். சொல்லிவிட்டுக் காருக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது. ஏனென்றால் அந்த அம்மா வெளிநடப்பு செய்யவில்லை. அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உடுமலைப்பேட்டைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது ஆவாரம்புதூர். தென்னந்தோப்புகளும் கொப்பரைக் களங்களும் நாலு பனியன் கம்பெனிகளும் சேர்ந்து ஊரை நகராட்சி ஆக்கிவிட்டன. பஸ் ஸ்டாண்டு சாக்கடை அடைப்பை எடுக்க மூன்று தலைவர்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நகராட்சிதான், எல்லை தாண்டிப் படையை அனுப்பச் சொல்லி மத்திய அரசுக்குத் தீர்மானம் போட்டது. போட்டது மோகன்குமார். கொப்பரை வியாபாரி, நல்ல குடும்பம், யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிட்டுவிடுவார். கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அவரும் தன்னை அப்படித்தான் நினைத்திருந்தார்.

தீர்மானத்தை வாசிக்கப்போன நேரத்தில் பதினேழாவது வார்டு சஃபியா எழுந்து நின்றார். சுயேச்சை. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் அவர் வீட்டுக்காரர் பேக்கரி வைத்திருந்தார். அந்தப் பேக்கரியின் தேங்காய் பன் சாப்பிட்டு வளர்ந்தவர்களே பாதி நகர்மன்றம். மோகன்குமார் அவரைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தலைவருக்கு ஒரு வேண்டுகோளுங்க" என்றார் சஃபியா. "நம்மூர்ப் பசங்க ஏழெட்டுப் பேரு பட்டாளத்துல இருக்கறாங்க. சண்டை போடறதும் போடாததும் டெல்லி பாத்துக்கட்டும். நாம எதுக்குங்க போடு போடுன்னு சொல்லோணும்? நாளைக்கு ஒரு பையன் செத்து வந்தா, அவங்கம்மாகிட்ட போயி நம்ம தீர்மானத்தைக் காட்ட முடியுமுங்களா? இதைத் தள்ளி வெச்சுப்போட்டு எங்க வார்டுக் குடிதண்ணி நாயத்தைப் பேசுங்க."

அவ்வளவுதான் பேசினார். ஹால் கொதித்துவிட்டது. நாலாவது வார்டு செங்கோடன் மேஜையைக் குத்திக்கொண்டு எழுந்தார். "உங்களுக்கு அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். 'உங்களுக்கு' என்றால் யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. கொங்குநாட்டில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். ஆளாளுக்கு எழுந்து மரியாதையாகக் கத்தினார்கள். சஃபியா நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் மோகன்குமார் தன் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, சித்த வெளிய போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இவிய அடங்கட்டும். நானே கூப்பிடறேன்."

அவர் கேட்டதால் சஃபியா போனார். தம்பி முறையில் ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லி அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லை. அவரைக் காப்பாற்றத்தான் அனுப்பினோமா, கழற்றிவிட அனுப்பினோமா என்று மோகன்குமார் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தினார்கள். தீர்மானத்தை வாசித்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். கூப்பிடுகிறேன் என்று சொன்னவர் கூப்பிடவில்லை.

சஃபியா டீ கிளாஸோடு மரத்தடியில் நிற்பதை வாசலில் காத்திருந்த யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "சார், பதினேழாவது வார்டு உறுப்பினர் வெளிநடப்புங்களா?"

மோகன்குமார் ஒரு விநாடி நின்றார். இல்லை என்றால் அப்புறம் ஏன் வெளியே இருந்தார் என்று கேட்பார்கள். பக்கத்தில் கட்சிக்காரர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்க" என்றார். "என்ன பண்றதுங்க, அவங்கவங்க மனசு."

சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது. வீரர்கள் எல்லையில் நிற்கும்போது இவர் டீ குடிக்கிறார் என்று எழுதினார்கள். நம்மூர் துரோகி என்று எழுதினார்கள். அதற்குக் கீழே எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல நாக்கூசுகிறது. சஃபியா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், 'தலைவர்தானுங்க போகச் சொன்னாரு' என்று. தலைவர் அப்படிச் சொல்லவில்லையே என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பேக்கரியின் கண்ணாடி அலமாரி மேல் கல் விழுந்தது. யார் எறிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆட்கள் வருவது குறைந்து, நின்றுபோய், கடையைச் சாத்தினார்கள். வீட்டுக்காரர் பாலக்காட்டில் இன்னொருவர் பேக்கரியில் மாஸ்டராகச் சேர்ந்தார். கோயமுத்தூரில் படிக்கிற மகள் சித்திகா ஊருக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

மோகன்குமார் வீட்டிலும் ரொட்டி வாங்கும் கடையை மாற்றிக்கொண்டார்கள். மனைவி லோகப்பிரியா ஒரே ஒரு தடவை கேட்டாள், "ஏனுங்க, நெசமாவே அந்தக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்களா?" என்று. "ஆமா" என்றார். வீட்டுக்குள்ளேயும் அதே பொய். நிருபரிடம் சொன்னதைவிட இதுதான் அவரை அதிகமாக அறுத்தது.

சஃபியா பதவியை விடவில்லை. மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராவிட்டால் உறுப்பினர் பதவி போய்விடும் என்பதால், இரண்டு கூட்டம் விட்டு ஒரு கூட்டத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்த நாட்களில் மோகன்குமார் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் கூட்டத்தை நடத்தப் பழகிக்கொண்டார்.

பிறகு ஒரு பையன் செத்து வந்தான். பதினேழாவது வார்டுதான். நிதீஷ் என்று பெயர். அவன் அம்மா முத்தாத்தாள் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறவள். மோகன்குமாரின் களத்தில்தான்.

மலர்வளையத்தோடு போனார். போகாமல் இருக்க முடியாது. கொடி போர்த்திய பெட்டி நடுவீட்டில் இருந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் முத்தாத்தாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சஃபியா. மோகன்குமாரைப் பார்த்ததும் முத்தாத்தாள் எழப் பார்த்தாள். "மொதலாளி வந்திருக்கறாங்க, ஆராச்சும் சேர் போடுங்க" என்றாள். மகன் பெட்டியில் கிடக்கும்போது அவருக்குச் சேர் போடச் சொல்கிறாள். அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்தப் பதற்றத்தில்தான் அந்தத் தவறைச் செய்தார். கிளம்பும்போது, கல்யாண வீட்டில் சொல்வதைப் போல, வாசலில் நின்று கையைக் கூப்பி, "வாரேனுங்க" என்றார். எழவு வீட்டில் வாரேன் என்று சொல்லிவிட்டு யாரும் கிளம்புவதில்லை. மறுபடி அப்படியொன்று அந்த வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் சொல்லாமல் எழுந்து போகிறோம். சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஓட்டுக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒப்பாரி ஒரு நொடி நின்றது. பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். முத்தாத்தாளுக்கு இன்னொரு மகன் இருந்தான், அவனும் பட்டாளத்தில்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது, அவர் ஒதுங்குவது. களத்தில் முத்தாத்தாள் மகனின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிவந்து, எப்போதும்போலத் தேங்காயை உடைத்துக்கொண்டிருக்க, அவர் தன் களத்துக்கே போவதைக் குறைத்துக்கொண்டார். சண்டையைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்றார். இதைச் சொல்வதால் அவருக்கு ஞானம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கட்சியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் இருந்தது. அதோடு சேர்ந்து அடுத்த தேர்தலும் இருந்தது.

இப்போது கட்சியே சொல்லிவிட்டது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் சஃபியா வீட்டுக்குத் தனியாகப் போனார். கட்சிக் கரை வேட்டியை மாற்றி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். கதவைத் திறந்த சஃபியா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். சேரைத் துடைத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கரண்டு பில் எடுக்க வருகிறவருக்கும் இந்த ஊரில் தண்ணீர் கொடுப்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

"அக்கா, பசங்க சாகறாங்க" என்று ஆரம்பித்தார்.

"சாவாங்கன்னுதானுங்க அன்னிக்குச் சொன்னேன்."

தண்ணீரைக் குடித்தார். பிறகு ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். சமாதானத்துக்காக ஒரு தீர்மானம், அதை அவரே கொண்டுவந்தால் பொருத்தம், எல்லாரும் ஆதரிப்பார்கள், அவருக்கு நடந்ததற்கும் ஒரு மரியாதை செய்த மாதிரி இருக்கும். மனப்பாடம் செய்துவந்ததைச் சொல்லி முடித்தார். சொல்லும்போதே அது வெங்கடபதியின் குரல் மாதிரி அவர் காதில் விழுந்தது.

"இப்ப என்னுங்க தம்பி திடீர்னு?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். முடியவில்லை. "கோயமுத்தூர்ல சொல்லிட்டாங்க அக்கா. கட்சி மாறிப்போச்சு."

சஃபியா சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை. "அதைச் சொன்னீங்களே, சந்தோசம். நான் கொண்டாரமாட்டேனுங்க. சொல்ல வேண்டியப்ப நான் சொல்லிப்போட்டேன். இது உங்க சண்டை, நீங்க கேட்டு வாங்குனது. நிறுத்தோணும்னாலும் நீங்கதான் கேக்கோணும். நான் வந்து கையைத் தூக்கறேன். முத்தாத்தாளோட சின்னவன் இன்னும் அங்கதான இருக்கறான்."

"அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது…"

"அதை எங்கிட்டச் சொல்லாதீங்க தம்பி." முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாததா? எங்கிட்ட எதுக்கு? சித்திகா காலேஜ்ல கூடப் படிக்கற புள்ளைக அந்தப் படத்தை அவகிட்டயே காட்டி, இது உங்கம்மாவான்னு கேட்டிருக்காங்க. இல்லேன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்து அழுதா, உன்னைய இல்லேன்னு சொல்லிட்டேன்மான்னு. அதுக்கப்புறம் இந்த ஊருக்குள்ள காலெடுத்து வெக்கலே. உங்களுக்கு முடிஞ்சா அவ வந்து போற மாதிரி ஊரைப் பண்ணிக் குடுங்க. வேறெதும் எனக்கு வேண்டாமுங்க."

மோகன்குமார் எழுந்தார். "திங்கக்கிழமை கூட்டத்துல நானே சொல்றேன் அக்கா. எல்லார்த்து முன்னாலயும். நான்தான் அனுப்பிச்சேன்னு."

சஃபியா நம்புகிற மாதிரியும் தலையாட்டவில்லை, நம்பாத மாதிரியும் ஆட்டவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து லோகப்பிரியாவிடம் சொன்னார். உண்மையைச் சொன்னால் சீட்டு போகலாம், கட்சியில் கிழிப்பார்கள், ஊரில் தலைகாட்ட முடியாமல் போகலாம் என்றெல்லாம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எங்கிட்டயும் பொய்தானா சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு மடித்த துணியை அவர் பக்கம் வைக்காமல் அந்தப் பக்கம் வைத்தாள்.

திங்கட்கிழமை ஹால் நிறைந்திருந்தது. டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். வெங்கடபதி ஏற்பாடு. சஃபியா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மோகன்குமார் தீர்மானத்தைத் தானே கொண்டுவருவதாக அறிவித்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வாசிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க. முன்னால இதே ஹால்ல சண்டைக்கு ஆதரவாத் தீர்மானம் போட்டோம். அன்னிக்கு சஃபியா அக்கா வெளிநடப்பு பண்ணலீங்க. நான்தான் டீ குடிச்சுட்டு வாங்கன்னு சொல்லி வெளிய அனுப்பிச்சேன். கூப்பிடறேன்னு சொன்னேன், கூப்பிடலே. அவங்க இல்லாத நேரத்துல ஏகமனதுன்னு எழுதிப்போட்டோம். வெளிய நிருபருங்க கேட்டப்ப வாய்கூசாமப் பொய் சொன்னேன். அவங்க கடை சாத்துனதுக்கும், அவங்க புள்ளை இந்த ஊருக்கு வராததுக்கும் நான்தான் காரணம். அந்தக் கண்ணாடி மேல விழுந்த கல்லு என் கல்லுதானுங்க. என்னைய என்ன சொன்னாலும் தகும்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடி விழப்போகிறது என்று காத்திருந்தார். யாராவது எழுந்து 'ராஜினாமா செய்யுங்கள்' என்று கத்துவார்கள், அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

நாலாவது வார்டு செங்கோடன்தான் எழுந்தார். "ஏனுங்க தலைவரே, இதுக்கா இவ்வளவு வெசனப்பட்டீங்க? நீங்க போகச் சொன்னது எங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதானுங்களே. நாங்களும் இங்கதான உக்காந்திருந்தோம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. நல்ல மனசோடு, கலகலவென்று சிரித்தது. மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தார். வரிசை வரிசையாக முகங்கள். அவர் குனிந்து பேசியபோது இந்த முகங்கள் எல்லாம் இங்கேதான் இருந்தன. தன் நெஞ்சில் மட்டும் கிடந்து அரிப்பதாக நினைத்த பொய்யை அத்தனை பேரும் தெரிந்தே தின்று செரித்திருக்கிறார்கள்.

"ஆனா எந்திரிச்சு நின்னு ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்க" என்றார் செங்கோடன், டிவிக்காரர்கள் பக்கம் திரும்பி. "எந்தத் தலைவருக்கு வரும் இந்தப் பெருந்தன்மை?" என்று மேஜையைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். ஹாலே தட்ட ஆரம்பித்தது. ஒருத்தர் 'வாழ்க' என்றார். மோகன்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. சுமை இறங்கிய சுகம் அது. உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார். கைகள் உயர்ந்தன. சஃபியாவின் கையும் உயர்ந்தது.

வெளியே வந்ததும் மைக்குகள் மொய்த்தன. ஒருவர் குரல் தழுதழுக்க "சார், அரசியல்ல இப்படியொரு நேர்மை" என்றார். செல்போன் அடித்தது. வெங்கடபதி. "ராஜா! என்னுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க! தலைமையில பாத்துட்டு அழுதே போட்டாங்களாம். அந்த அம்மாவை விட்டுத் தீர்மானத்தைக் கொண்டாரச் சொன்னதுக்கு நீங்களே எறங்கி அடிச்சுப்போட்டீங்க. சீட்டு உங்களுக்குத்தான், வேற பேச்சே இல்லே." மோகன்குமார் சரிங்கண்ணா, சரிங்கண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் யாரையோ மாலை வாங்க அனுப்பினார்கள்.

அந்தக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, சஃபியா கைப்பையை அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவது தெரிந்தது. அவரிடம் ஒரு மைக்கும் போகவில்லை. மோகன்குமார் விலக்கிக்கொண்டு ஓடினார். ரோட்டோரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றவரைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்."

"கேட்டனுங்க. நல்லா சொன்னீங்க."

"சித்திகாவுக்குச் சொல்லுங்க அக்கா. டிவியில வருது. இனி அவ தாராளமா வரலாம்."

சஃபியா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் வரவில்லை.

"அவ பாத்திருப்பா தம்பி. சொன்னதைப் பாத்திருப்பா. அதுக்கப்புறம் தட்டுனாங்களே, அதையும் பாத்திருப்பா. எல்லாரும் தெரிஞ்சேதான் அவங்கம்மாவை அப்படிப் பண்ணுனாங்கன்னு செங்கோடன் சிரிச்சுட்டுச் சொன்னாரே, அதையும் கேட்டிருப்பா. இனி எப்படிங்க அவ வருவா? முன்னால உங்க ஒருத்தர் மேல கோவம். இப்ப ஊரு மேல."

மோகன்குமார் ஓடிவந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க தட்டறப்ப நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எதுக்குய்யா தட்டறீங்க, இதுக்கா தட்டறதுன்னு கேப்பீங்கன்னு." சஃபியா இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க கும்பிட்டீங்க."

பஸ் வந்தது. சஃபியா முன்படியில் ஏறிக்கொண்டார். உட்கார இடம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் தாராபுரம் ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் மோகன்குமார் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் எரிந்தது. உண்மையைச் சொல்வதற்கு முன்னால் இருந்த வெட்கத்துக்குப் பேர் இருந்தது, அதைச் சொல்லி இறக்கி வைக்க ஓர் இடமும் இருந்தது. இந்த வெட்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் இதற்கும் தட்டுவார்கள்.

"தலைவரே!" என்று பின்னால் கூப்பிட்டார்கள். மாலை வந்துவிட்டது. ஜனங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பினார். திரும்பும்போதே கை இரண்டும் சேர்ந்திருந்தன.